உப்புக்காற்று ஊரில் கார்பன், டைட்டானியம் சீட் பில்லர்: தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்

இந்தக் கடற்கரையில் சீட் பில்லர், அதாவது சீட்டைத் தாங்கிப் பிரேமுக்குள் இறங்கும் குழாய், உடைந்து கெடுவது குறைவு. பிரேமுக்குள் இறுகிப்போய், மேலேயும் வராமல் கீழேயும் இறங்காமல் நின்றுவிடுவதுதான் அதிகம். புதுச்சேரியிலோ கடலூரிலோ மவுண்டன் பைக் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். வாங்கிய நாளில் கடைக்காரர் வைத்துக் கொடுத்த உயரத்திலேயே சீட்டை விட்டுவைத்தவர்கள் பாதிக்கு மேல் இருப்பார்கள். இரண்டு மழைக்காலம் கழிந்தபின் அவர்களில் யாராவது சீட்டை ஏற்ற நினைத்தால் அது அசையாது. அலுமினியத்திலேயே இந்தக் கதி என்றால், அலுமினியப் பிரேமுக்குள் கார்பனையோ டைட்டானியத்தையோ நுழைக்கிறவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

எனவே எடை, தோற்றம், பிராண்ட் பெயர் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மூன்று ஆண்டு கழித்து இதை என் கையால் கழற்ற முடியுமா? இங்கே சொல்லும் தேர்வு, பொருத்தும் முறை, பராமரிப்பு எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை.

முதலில், வேண்டுமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை போய்த் திரும்புவதும், ஞாயிறு காலையில் கடற்கரைச் சாலையில் சுற்றுவதும்தான் உங்கள் ஓட்டம் என்றால், சைக்கிளோடு வந்த அலுமினிய பில்லரே போதும். பணத்தை நல்ல டயருக்குச் செலவிடலாம். குண்டும்குழியுமான பாதையில் உடல் குலுங்குவதைக் குறைக்க மிக மலிவான வழி அகலமான டயரும் அதில் சற்றுக் குறைந்த காற்றழுத்தமும்தான். கல்போல் காற்றடித்த டயரை வைத்துக்கொண்டு விலையுயர்ந்த பில்லரிடம் மென்மையைத் தேடுவது வீண்.

வேறு சிலருக்கு இது பயன்படும். ஆரோவில்லைச் சுற்றிய செம்மண் தடங்கள், பொம்மையார்பாளையம் பக்கத்துச் செம்மண் ஓடைப்பள்ளங்கள், கல்மரங்கள் கிடக்கும் திருவக்கரை, கடலூரின் கேப்பர் மலை ஆகிய இடங்களில் முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் மணிக்கணக்காக ஓட்டுகிறவர்கள் அவர்கள். இந்த மண் காய்ந்தால் சரளையும் சிறு வரிப்பள்ளங்களுமாக இறுகிவிடும். அந்த ஓயாத அதிர்வு நேராக முதுகெலும்பில் ஏறும். அதை ஓரளவு விழுங்குவது பில்லரின் வளைவு. பின் சஸ்பென்ஷனும் இருக்கும் சைக்கிளுக்கு இந்த வாதம் பொருந்தாது; அங்கே காசைக் கரைக்காதீர்கள். செங்குத்தான இறக்கங்களில் பாய்கிறவர்களுக்கு உயரத்தை ஓட்டத்திலேயே மாற்றும் டிராப்பர் பில்லர்தான் தேவை. அது வேறு சாமான், வேறு கட்டுரை.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. 27.2 மி.மீ. தடிமனும் (குழாயின் வெளிவிட்டம்) 400 மி.மீ. நீளமும் உள்ள நல்ல அலுமினிய பில்லர் ஏறத்தாழ 250 முதல் 300 கிராம் இருக்கும். கார்பன் 200 கிராமை ஒட்டி வரும். டைட்டானியம் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில். மிச்சமாவது அதிகம் போனால் 100 கிராம். ஒரு டம்ளர் தண்ணீரின் எடைகூட இல்லை. எடைக்காக மட்டும் வாங்குகிறேன் என்பவரிடம் எனக்கு வாதம் இல்லை, வியப்புதான்.

கார்பனா, டைட்டானியமா?

டைட்டானியத்தின் விறைப்பு எஃகின் விறைப்பில் பாதிக்குச் சற்று மேல்தான். அடர்த்தியும் எஃகில் பாதிக்குச் சற்று மேல். எனவே மெல்லிய டைட்டானியக் குழாய் வளைந்து நிமிரும், அதே சமயம் எளிதில் களைப்படையாது. சைக்கிள் குழாய்களுக்குப் பெரும்பாலும் பயன்படுவது 3 சதவீத அலுமினியமும் 2.5 சதவீத வனேடியமும் கலந்த கலவை. கிரேடு 9 என்பார்கள். துரு என்பதே அதற்குக் கிடையாது. கீறல் விழுந்தால் அதே இடத்தில் நொடியில் புது ஆக்சைடு படலம் உருவாகிவிடும். இதன் தாதுவான இல்மனைட் நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலிலேயே கிடக்கிறது. ஆனாலும் பில்லர் என்னவோ கடல் கடந்துதான் வருகிறது, விலையும் அதற்கேற்ப.

கார்பன் என்பது இழைகளைப் பிசினில் அடுக்கி உருவாக்கிய பொருள். எந்தத் திசையில் விறைக்க வேண்டும், எந்தத் திசையில் வளைய வேண்டும் என்று செய்பவர் இழைகளை அடுக்கிவைத்துத் தீர்மானிக்கலாம். அதனால்தான் ஒரு கார்பன் பில்லர் மென்மையாகவும் இன்னொன்று கடப்பாரையாகவும் இருக்கிறது. பெயரில் கார்பன் என்றிருப்பதால் மட்டும் முதுகுக்குச் சுகம் கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தடிமனும் முக்கியம். 27.2 மி.மீ. பில்லர் வளையும் அளவுக்கு 30.9 அல்லது 31.6 வளையாது. பிரேமுக்கு வெளியே எவ்வளவு நீளம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு வளைவு கிடைக்கும். நான்கு விரற்கடை மட்டும் வெளியே தெரியும் பெரிய பிரேமில் எந்தப் பொருளைப் போட்டாலும் வேறுபாடு தெரியாது.

கெட்டுப்போகும் விதத்தில்தான் இரண்டும் முற்றிலும் வேறுபடுகின்றன. டைட்டானியத்தில் விரிசல் வந்தால் பெரும்பாலும் வெல்டு வைத்த இடத்தில் தொடங்கும். துடைக்கும்போது பார்த்தால் கண்ணில் படும். கார்பன் அடிபட்டால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். அதன்பின் எச்சரிக்கையின்றி ஒடியும். பில்லரைப் பிரேமில் இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்பை அளவுக்கு மீறி முறுக்குவதும், மணல் ஒட்டிய பில்லரை மேலும் கீழும் இழுப்பதும்தான் கார்பனைக் கொல்லும் பழக்கங்கள்.

இனி உப்பு. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புநீர் கசிந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. அதில் எளிதில் அரிக்கப்படும் உலோகம் கரையும். இங்கே கரைவது எப்போதும் அலுமினியப் பிரேம்தான். அரிக்கப்படாமல் நிற்கும் வரிசையில் டைட்டானியம் அலுமினியத்தைவிட வெகுவாக மேலே நிற்கிறது. கார்பன் உலோகமே இல்லை என்றாலும் மின்சாரத்தைக் கடத்துவதால் இந்த வரிசையில் டைட்டானியத்துக்கும் மேலே நிற்கிறது. கரைந்த அலுமினியம் வெள்ளைப் பொடியாக மாறும்போது முன்பைவிட அதிக இடத்தை அடைக்கிறது. பில்லருக்கும் குழாய்க்கும் நடுவிலிருந்த மயிரிழை இடைவெளி அந்தப் பொடியால் நிரம்புகிறது. பில்லர் இறுகுவது இப்படித்தான். காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் கடலோர ஊரான மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்திவைத்து அரிமானத்தை ஆராய்கிறது. உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நிற்கும் சைக்கிளிலும் நடப்பது அதே ஆராய்ச்சிதான், முடிவை எழுதி வைக்க ஆள் இல்லை என்பதைத் தவிர.

கார்பனுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. இழைகளின் மேலிருக்கும் பிசினும் பூச்சும் மின்சாரத்தைத் தடுக்கின்றன. அந்தப் பூச்சு கீறலில்லாமல் இருக்கும்வரை தொல்லை குறைவு. கீறி இழை வெளியே வந்தால் வலிமையும் போகும், அரிமானமும் தொடங்கும்.

என் தீர்ப்பு இதுதான். அலுமினியப் பிரேம், சீட் உயரத்தை ஒருமுறை வைத்தால் மாற்ற மாட்டேன், முறுக்குவிசை பார்த்துத் திருக எனக்குப் பொறுமை உண்டு என்பவருக்குக் கார்பன். ஒரே சைக்கிளை வீட்டில் இருவர் ஓட்டுகிறார்கள், அடிக்கடி ஏற்றி இறக்க வேண்டும், காரின் பின்னால் கட்டிச் செஞ்சிக்கோ ஏற்காட்டுக்கோ கொண்டுபோவேன், கருவிகளோடு கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் பழகுவேன் என்பவருக்கு டைட்டானியம். கார்பன் பிரேம் வைத்திருப்பவருக்கு இரண்டுமே அலுமினிய பில்லரைவிடப் பாதுகாப்பு. அங்கே இறுகும் வம்பு அலுமினிய பில்லரில்தான் அதிகம். சந்தேகமாக இருந்தால் டைட்டானியம் பக்கம் சாயுங்கள். அது தவறுகளை மன்னிக்கும்.

அளவெடுப்பது

தடிமனில் 0.2 மி.மீ. வேறுபட்டாலும் பொருந்தாது. இன்றைய மவுண்டன் பைக்குகளில் அதிகம் காணப்படுபவை 27.2, 30.9, 31.6, 34.9 மி.மீ. நம் ஊர் மலிவு சைக்கிள்களில் 25.4-உம் வரும். பழைய பில்லரைக் கழற்றினால் அதன் கீழ்ப்பகுதியில் எண் பொறித்திருக்கும். பெரும்பாலும் குறைந்தபட்ச நுழைவுக் கோட்டுக்கு அருகில் இருக்கும். இல்லையென்றால் வெர்னியர் காலிபர் வைத்து அளக்க வேண்டும். தட்டாஞ்சாவடி பக்கத்து லேத் பட்டறை எதிலும் ஒரு நிமிடத்தில் அளந்து கொடுப்பார்கள். துணி அளக்கும் நாடாவை வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடாதீர்கள்.

பிரேம் 30.9 அல்லது 31.6 ஆக இருந்து, வளைவுக்காக 27.2 பில்லர்தான் வேண்டும் என்றால் நடுவில் போடும் ஷிம் என்ற உறை கிடைக்கும். ஆனால் உறை போட்டால் உப்பு புகுவதற்கு இன்னொரு இடுக்கு கூடுகிறது. உறைக்கு உள்ளும் புறமும் இரண்டையும் சுத்தம் செய்யப் பொறுமை உள்ளவர்கள் மட்டும் அந்த வழியில் போகலாம்.

நீளத்துக்குக் கணக்கு உண்டு. செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். அதை 0.883-ஆல் பெருக்கினால் பெடல் அச்சின் (பெடல் கைகள் சுழலும், பிரேமின் அடியில் உள்ள நடு அச்சு) மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் வரும். சாலைப் பந்தயக்காரர்களிடமிருந்து வந்த சூத்திரம் இது. செம்மண் தடத்தில் ஓட்டுகிறவர்கள் அதிலிருந்து ஓரிரு செ.மீ. குறைத்துக்கொள்வது வசதி.

எடுத்துக்காட்டாகக் கால் அளவு 80 செ.மீ. என்று வையுங்கள். உயரம் 70.6 செ.மீ. வரும். சீட்டின் மேல்பரப்பிலிருந்து அதன் அடிக்கம்பி வரை ஏறத்தாழ 5 செ.மீ. கழித்தால் 65.6. பில்லர் இறங்கும் பிரேமின் இருக்கைக் குழாய் 43 செ.மீ. என்றால் வெளியே நீட்ட வேண்டியது 22.6 செ.மீ. உள்ளே குறைந்தது 10 செ.மீ. இறங்க வேண்டும் என்று வைத்தால் மொத்தம் 32.6. எனவே 350 மி.மீ. பில்லர் போதும். அதே பிரேமில் கால் அளவு 88 செ.மீ. உள்ளவருக்குக் கணக்கு 39.7 செ.மீ. ஆகிவிடும், 400 மி.மீ. வாங்கினாலும் விளிம்பில்தான் நிற்கும். அவருக்குச் சொல்ல வேண்டியது, பில்லர் சிறியதல்ல, பிரேம்தான் சிறியது என்பதுதான்.

உள்ளே இறங்கும் நீளத்துக்கு இரண்டு நிபந்தனைகள். பில்லரில் உள்ள குறைந்தபட்சக் கோடு வெளியே தெரியக் கூடாது. அதோடு, பில்லரின் அடிமுனை மேல்குழாய் வந்து சேரும் இணைப்பைத் தாண்டிக் கீழே போயிருக்க வேண்டும். பில்லரின் கோடு மறைந்துவிட்டது என்ற திருப்தியில் இரண்டாவதை மறந்தால், விரிசல் விடுவது பிரேம்.

மேலும் இரண்டைப் பாருங்கள். பழைய பில்லரின் தலை (சீட்டைக் கவ்வும் மேல்பகுதி) நேராக இருந்ததா, பின்னோக்கிச் சாய்ந்திருந்ததா? சாய்வுத் தலை சீட்டை 20 முதல் 25 மி.மீ. பின்னுக்குத் தள்ளும், உங்கள் இருப்பு நிலை ஏற்கெனவே பிடித்திருந்தால் அதே வகையை வாங்குங்கள். சீட்டின் அடிக்கம்பி உருண்டையான 7 மி.மீ. என்றால் எந்தத் தலையும் ஏற்கும். கார்பன் கம்பி வைத்த சீட் என்றால் அது பெரும்பாலும் 7-க்கு 9 மி.மீ. முட்டை வடிவம், பக்கவாட்டில் கவ்வும் தலைகள் அதற்கு உதவாது.

பார்சல் வந்ததும்

கார்பன் என்று எழுதி, உள்ளே அலுமினியக் குழாய்க்கு மேல் மெல்லிய கார்பன் போர்வை சுற்றியவை சந்தையில் நிறைய உண்டு. அடிமுனை வழியாக உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளி நிறக் குழாய் தெரிந்தால் அது போர்வைதான். பெரிய பிராண்டின் பெயர் ஒட்டி நம்பமுடியாத விலையில் வருவதைத் தொடவே வேண்டாம். சீட்டுக்கு அடியில் ஒடியும் குழாயின் முனை எங்கே குத்தும் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள், மலிவு ஆசை அடங்கிவிடும். சைக்கிள் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210 தரத்தின் 9ஆம் பகுதி சீட்டையும் பில்லரையும் சோதிக்கும் முறைகளைச் சொல்கிறது. நாணயமான தயாரிப்பாளர்கள் அதைக் குறிப்பிடுவார்கள். அதோடு, தாங்கும் முறுக்குவிசையையும் குழாய் மேலேயே அச்சிட்டிருப்பார்கள்.

கார்பன் குழாய் முழுவதையும் விரலால் தடவி, பிறகு ஒரு ரூபாய் நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். ஓசை ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டால் திருப்பி அனுப்புங்கள். டைட்டானியத்தில் வெல்டு வரிசை சீராக, வெள்ளி நிறத்தில் அல்லது லேசான வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். அடர் நீலமோ சாம்பலோ படர்ந்திருந்தால் வெல்டு வைக்கும்போது காற்று புகுந்திருக்கிறது.

குழாயைத் தயார் செய்வது

இந்த வேலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பில்லரைச் செருகுவது ஐந்து நிமிட வேலை. மீதி நேரமெல்லாம் சுத்தம் செய்வதற்கு.

பழையதைக் கழற்றுவதற்கு முன், பெடல் அச்சிலிருந்து சீட் மேல்பரப்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கிளாம்பைத் தளர்த்தி, சீட்டை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே மேலே இழுங்கள். குழாய்க்குள் பழைய கிரீஸ், செம்மண், வெள்ளைப் பொடி எல்லாம் சேர்ந்து கூழாக இருக்கும். ஒரு நீண்ட குச்சியில் துணி சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துத் துடையுங்கள். துணி வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். அடுத்து ஸ்பிரிட் தொட்ட புதுத் துணியால் ஒருமுறை. கார்பனுக்கு எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது.

இப்போது சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவுங்கள். கிளாம்ப் இறுக்குவதற்காகக் குழாயின் பின்புறம் வெட்டியிருக்கும் பிளவின் ஓரங்களில் கூரான பிசிறு இருக்கும். அது கார்பனில் நீளவாக்கில் கோடு கிழிக்கும். வட்ட அரத்தாலோ மெல்லிய உப்புத்தாளாலோ மழமழவென்று ஆக்குங்கள். பிறகு பிரேமைத் தலைகீழாகத் தட்டி, விழும் உலோகத் துகளைத் துடைத்தெடுங்கள். தண்ணீர் பாட்டில் தாங்கி மாட்டும் திருகு மரைகள் குழாய்க்குள் துருத்திக்கொண்டிருக்கும். நீளமான பில்லரை அந்த ஆழத்துக்கு இறக்காதீர்கள். இறக்கியே ஆக வேண்டுமென்றால் பில்லரை வெட்ட வேண்டும். அதற்குத் தயாரிப்பாளர் அனுமதி தந்திருக்க வேண்டும். கார்பனை நுண்பல் ரம்பத்தால் ஈரத்துணி வைத்து, முகமூடி போட்டுக்கொண்டுதான் அறுக்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. வெட்டிய முனையில் நகப்பூச்சு தடவி இழைகளை அடைத்துவிடுங்கள்.

பொருத்துவது

கார்பனுக்குக் கிரீஸ் கூடாது. அதற்கென விற்கும் உராய்வுப் பசையை வாங்க வேண்டும். கார்பன் பேஸ்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதில் நுண்ணிய மணிகள் கலந்திருக்கும். குறைந்த இறுக்கத்திலேயே பில்லர் வழுக்காமல் நிற்க அந்த மணிகள்தான் காரணம். குழாய்க்குள் போகும் பகுதி முழுவதும் மெல்லியதாகத் தடவுங்கள். அது நீர் புகுவதையும் ஓரளவு தடுக்கும்.

டைட்டானியத்துக்கு நேர் எதிர். அங்கே வேண்டியது உலோகங்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் கலவை. செம்பு நிறத்தில் அல்லது சாம்பல் நிறத்தில் டப்பாவில் வரும். லாரி, படகு எஞ்சின் வேலை செய்யும் பட்டறைகளில் இது பழகிய சாமான். தாராளமாகவே பூசுங்கள்; வழிவதைத் துடைத்துக்கொள்ளலாம். சாதாரணக் கிரீஸ் சில மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். பிரேமும் டைட்டானியமாக இருந்தால் இந்தக் கலவை கட்டாயம். டைட்டானியம் டைட்டானியத்தோடு உரசினால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் குணம் கொண்டது.

பில்லரைத் திருப்பாமல் நேராகக் கீழே இறக்குங்கள். தடை தெரிந்தால் நிறுத்திக் காரணம் பாருங்கள். சுத்தியல் கையில் இருந்தால் வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள்.

நெம்புகோல் வைத்த கிளாம்பைக் கார்பனோடு சேர்க்காதீர்கள். எவ்வளவு இறுக்கினோம் என்பதே அதில் தெரியாது. ஆலன் கீயால் திருகும் வகை வேண்டும். கிளாம்பின் பிளவும் பிரேமின் பிளவும் ஒரே கோட்டில் நிற்காமல், கிளாம்பை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தால் அழுத்தம் ஓரிடத்தில் குவியாது. பிரேம் தயாரிப்பாளர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொல்வதே சரி.

முறுக்குவிசை பொதுவாக 5 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். கிளாம்பில் ஓர் எண்ணும் பில்லரில் வேறோர் எண்ணும் இருந்தால் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். டார்க் ரெஞ்ச் வாங்குவதே நல்லது. 5 நியூட்டன் மீட்டரில் தானே நின்றுவிடும் சிறிய வகைகள் மலிவாகவே வருகின்றன. வாங்கும்வரை ஒரு மாற்று வழி உண்டு. பயணப்பெட்டியின் எடை பார்க்கும் கைத்தராசின் கொக்கியை, ஆலன் கீயின் நீண்ட கையில் போல்ட்டிலிருந்து சரியாக 10 செ.மீ. தள்ளி மாட்டி, கைக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு 5 கிலோ காட்டும்போது 5 நியூட்டன் மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். கை 8 செ.மீ.தான் என்றால் 6.4 கிலோ. துல்லியமான கருவி அல்ல. ஆனாலும், மணிக்கட்டின் நினைவை மட்டும் நம்பி முறுக்கும் மெக்கானிக்கைவிட இது நம்பகமானது. ஒருமுறை இப்படி இழுத்துப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: இவ்வளவு குறைவா!

இறுக்கத்தை ஒரே மூச்சில் கொடுக்காதீர்கள். 3-இல் நிறுத்தி, சீட் நேராக முன்சக்கரத்தைப் பார்க்கிறதா என்று சரிபார்த்து, பிறகு 4, அப்புறம் 5. கிளாம்ப் போல்ட்டின் மரையில் ஒரு சொட்டுக் கிரீஸ் இருக்கட்டும்.

சீட்டை மாட்டும்போது அடிக்கம்பியின் நடுப்பகுதியில் கவ்வுங்கள். கம்பியில் குறித்திருக்கும் எல்லையைத் தாண்டக் கூடாது. முன்னும் பின்னும் இரண்டு போல்ட் உள்ள தலை என்றால் இரண்டையும் மாறி மாறிக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் போல்ட் வளையும். சீட் முதலில் தரைக்கு இணையாக இருக்கட்டும். மாற்றம் வேண்டுமென்றால் ஓட்டியபிறகு பார்க்கலாம்.

முதல் ஓட்டம்

கிளாம்புக்குச் சற்று மேலே பில்லரைச் சுற்றி ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டுப் புறப்படுங்கள். முதல் ஓட்டம் ஊசுடு ஏரிக்கரை வரை என்பதுபோல் நடந்து திரும்பக்கூடிய தொலைவாக இருக்கட்டும், ஆலன் கீ பையில் இருக்கட்டும். திரும்பி வந்து பார்க்கும்போது டேப் கிளாம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் பில்லர் சறுக்கியிருக்கிறது. உடனே இன்னும் முறுக்கக் கை பரபரக்கும். அதைச் செய்யாமல் கழற்றி, துடைத்து, மறுபடி பசை தடவி அதே அளவுக்கு இறுக்குங்கள். அதன்பிறகும் சறுக்கினால் தடிமன் தவறு, அல்லது கிளாம்ப் தேய்ந்திருக்கிறது. மிதிக்கும்போதெல்லாம் கிறீச் என்று கேட்டால் பெரும்பாலும் சீட்டின் அடிக்கம்பி கவ்வும் இடத்தில் மண். பில்லரைக் குற்றம் சொல்வதற்கு முன் அங்கே துடையுங்கள். 30 கி.மீ. ஓடியபின் எல்லா போல்ட்டையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

மழைக்கு முன்னும் பின்னும்

இந்த ஊரில் பில்லரைக் கழற்றிச் சுத்தம் செய்ய மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சோம்பல் என்றால் ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒன்று, தை பிறந்ததும் ஒன்று. இவ்விரண்டுக்கும் குறையக் கூடாது. துடைத்து, உள்ளே பார்த்து, புதிதாகப் பசையோ கலவையோ தடவிப் பழைய உயரத்திலேயே வைத்தால் போதும். டேப் குறி அதற்கு உதவும். வெள்ளிக் கடற்கரை மணலில் ஓட்டிவிட்டு வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அழுத்தமாகப் பீய்ச்சும் குழாயைக் கிளாம்ப் பக்கம் திருப்பாதீர்கள்.

பின்சக்கரம் வாரியிறைக்கும் சேறும் நீரும் நேராகக் கிளாம்பின் பிளவில்தான் விழும். பழைய டியூபில் ஐந்து செ.மீ. அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி, பில்லரில் மாட்டிக் கிளாம்பை மூடும்படி கீழே இழுத்துவிடுங்கள். பார்க்க அழகாக இருக்காது. இந்தக் கட்டுரையில் செலவே இல்லாத யோசனை இது ஒன்றுதான், பலன் தருவதில் முதல் வரிசையில் வைப்பதும் இதைத்தான்.

வெள்ளம் வந்தால் கதை வேறு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்து தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கமும் மூழ்கியது. அப்படி நீரில் நின்ற சைக்கிளில் இருக்கைக் குழாய் ஒரு கிணறாகிவிடும். நீர் வடிந்த அன்றே பில்லரை உருவி, பிரேமைக் கவிழ்த்து நீரை வடித்து, பெடல் அச்சுக்கு அடியில் உள்ள வடிகால் துளையில் சேறு அடைத்திருந்தால் குத்தி எடுத்து, வெயிலில் இரண்டு நாள் காயவிடுங்கள். பெடல் அச்சின் பேரிங்கையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே இறுகியிருந்தால்

கிளாம்பை முழுதாகக் கழற்றிவிட்டு, பிளவு வழியாகவும் மேல்விளிம்பைச் சுற்றியும் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். பிரேமைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் அச்சுப் பக்கமிருந்தும் கொஞ்சம் விட முடிந்தால் நல்லது. மறுநாள் ஒரு பழைய சீட்டை மாட்டி, இருவர் சேர்ந்து ஒருவர் பிரேமைப் பிடிக்க மற்றவர் சீட்டைத் திருப்புங்கள். உள்ளே இருப்பது டைட்டானியமோ கார்பனோ என்றால், அலுமினியக் குழாயின் மேல் சுடுநீரில் நனைத்த துணியைச் சுற்றுவது உதவும். சூட்டில் அலுமினியம் இரண்டையும்விட அதிகமாக விரியும். பில்லரும் அலுமினியமாக இருந்தால் இந்தத் தந்திரம் பலிக்காது. அதற்குப் பதில் பில்லருக்கு ஐஸ் வைத்துக் குளிர்வித்தால் அது சற்றுச் சுருங்கும். தீ மட்டும் வேண்டாம். கார்பனில் பிசின் இளகிவிடும், பிரேமில் பெயிண்ட் கருகிவிடும்.

காஸ்டிக் சோடாவை ஊற்றினால் கரைந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். கரையும், ஆனால் கரைவது அலுமினியம். டைட்டானிய பில்லரைக் காப்பாற்றிக்கொண்டு பிரேமைக் கரைத்துக் குடித்துவிடும். இரண்டு மூன்று நாள் எண்ணெய் விட்டும் அசையாவிட்டால் லேத் பட்டறைக்குப் போங்கள். பில்லரைக் கிளாம்புக்கு மேலே அறுத்துவிட்டு, உள்ளிருக்கும் துண்டைக் கடைந்து எடுப்பார்கள். பில்லர் போகும், பிரேம் மிஞ்சும். அந்தக் குழாயைப் பிறகு அளந்து, உட்புறம் இன்னும் வட்டமாகத்தான் இருக்கிறதா என்று அவர்களையே பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் புதியதற்கு ஆர்டர் போட வேண்டும்.